வீட்டுக்கு ஒரு மாத்திரை

பச்சைமலையில் எங்கள் ஊரில் வேட்டையில் காட்டுப்பன்றி விழுந்தாலும் தேன் எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், கல்யாணமான புதிதில், சளி நெஞ்சில் கட்டி எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. என் வீட்டுக்காரர் பெரம்பலூருக்கு இறங்கிப்போய், டாக்டரிடம் கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை வாங்கிவந்தார். அதையும் ஊரே பங்கு போட்டது! இருமியவள் தின்றாள், கால் புண்காரன் தின்றான், ஒரு நோவும் இல்லாத தடியனும் கைநீட்டி வாங்கித் தின்றான். மிஞ்சியதை நான் விழுங்கினேன். இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியது.

டோலி கட்டி என்னை டாக்டரிடம் தூக்கிப்போனார்கள்.

"மருந்து என்ன பன்னிக்கறியாய்யா, கூறு போட?" என்று அவர் கத்தினார். "அரைகுறையாத் தின்னா கிருமி சாவாது, மருந்துக்குப் பழகிடும். அப்புறம் யாருக்குமே இது கேக்காது."

"வூட்டுல வச்சுக்கிட்டு நாங்க மட்டும் எப்படிங்க திங்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என்னை அங்கேயே படுக்கவைத்து, முழு மருந்தையும் தன் கண்ணெதிரே விழுங்கவைத்தார். பிழைத்தேன்.

அவர் சொன்னதுதான் சரி. இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை ஒன்றுவிடாமல் நானே தின்று முடிக்கிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமுகிறார்கள். யாரென்று தெரியாது.