வேனில் எழுதிய ரயில் கதை

"இவ்வளவும் நீங்களே எழுதினதா, அக்கா?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரியா எழுதிக் கொடுப்பா?"

"எங்க உட்கார்ந்து எழுதுனீங்க?"

"வேன்லதான். பிள்ளைங்க வர்ற வரைக்கும் ஸ்கூல் கேட் முன்னால சும்மா கிடக்கணும்லா. மத்த வேன்காரங்க தூங்குவாங்க. நான் போன்ல கதை தட்டுவேன். தட்டித் தட்டி எனக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிக்குவேன்."

"என்ன கதை?"

"ஜப்பான்காரன் காலத்துக் காதல் கதை. என்ன அப்படிப் பாக்குற? வேன் ஓட்டுறவ காதல் எழுதக் கூடாதா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"சொன்னாலும் பரவால்ல. படிச்சிட்டுச் சொல்லு."

பிரிக்பீல்ட்ஸில், நூல்களை அச்சுக்கு வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கடையொன்றில் நிலானி வேலை செய்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் அளந்துதான் பேசுவாள். அவள் மேசை முன் நின்ற லோகேஸ்வரி கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வேனைத் தானே பேரம் பேசி வாங்கியவர். மழையோ வெள்ளமோ, எந்தப் பிள்ளையையும் தெருவில் நிற்க விட்டதில்லை என்பதில் அவருக்கு அசைக்க முடியாத பெருமை.

அந்த வாட்ஸ்அப் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தபோது நிலானி மதியச் சாப்பாட்டையே மறந்துபோனாள். சயாமில் ரயில்பாதை போட ஜப்பானியர் பிடித்துச் சென்ற அண்ணனைத் தேடி ஒரு பெண் கிள்ளானில் ரயில் ஏறுகிறாள். அதே பெட்டியில் மூட்டையோடு ஒருவன். கேட்காமலே உதவுகிறான். மூட்டையை மட்டும் தொட விடமாட்டேன் என்கிறான். ஜப்பானியருக்குக் காட்டிக்கொடுப்பவனோ என்று அவளுக்குச் சந்தேகம், அவன்மேல் ஆசையும்.

முதல் அத்தியாயம் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வந்ததும் தொல்லை தொடங்கியது. லோகேஸ்வரியின் கணவர் சுகுமாறன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேச மட்டும்தான் வரும். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. கேன்டீனில் கூட்டாளிகள் அவரைச் சீண்டினார்கள்.

"என்ன பாஸ், உங்க வீட்டுல ரயிலேறிட்டாங்களாமே! பக்கத்துல நீங்க இல்லையாம், வேற யாரோவாம்!"

அங்கே சிரித்துவிட்டு வந்தவர் வீட்டில் சிரிக்கவில்லை.

"சுருட்டை முடி, புருவத்துல தழும்புன்னு எழுதியிருக்கியாம். பாக்காத ஆளை இவ்வளவு கரெக்டா எப்படி எழுதுவே? யாரு அவன்?"

மனைவி சொன்ன எந்தப் பதிலும் அவர் காதில் ஏறவில்லை. நாவல் வரட்டும், 'லோகேஸ்வரி சுகுமாறன்' என்ற பெயர் மட்டும் அட்டையில் வரக் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

லோகேஸ்வரி நேராகக் கடைக்கு வந்தார். "வேன் கதவுல என் பேரு இருக்கு. ரோட் டேக்ஸ்ல என் பேரு இருக்கு. இதுல மட்டும் எவளோ ஒருத்தி பேரா? பேரு இல்லன்னா புக்கும் வேணாம். அச்சுக்கு அனுப்பாத."

"நீங்களே படிச்சுக் காட்டலாமே, அக்கா?"

"நான் படிச்சா மாத்திப் படிக்கிறேன்னு சொல்வாரு."

"அப்ப நான் வந்து படிக்கட்டுமா?"

கேட்ட பிறகுதான், தானா இப்படிக் கேட்டது என்று நிலானிக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனாள். சுகுமாறன் கையைக் கட்டிக்கொண்டு, மனைவியின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிலானி தலை நிமிராமல் படித்தாள். கதையில் ரயில் ரவாங் தாண்டியதும் அவர் கைக்கட்டு அவிழ்ந்தது. சிப்பாய்கள் பெட்டிக்குள் ஏறியபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இவன் கண்டிப்பா ஜப்பான்காரன் ஆளுதான்! அந்த மூட்டையைப் பாரு! இவனை நம்பி ஏன் அவளை அனுப்புன நீ?"

"பேசாம கேளுங்க," என்றார் லோகேஸ்வரி.

மூட்டைக்குள் இருந்தவை கொய்னா மாத்திரைகள். மலேரியாக் காய்ச்சலில் கிடந்த தோட்டத்து மக்களுக்காகக் கடத்திப் போனவை. தாப்பா ரோடு ஸ்டேஷனில் அவற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தப்பிப்பதற்காக அவன் தானாகவே சிப்பாய்களிடம் போய் நின்றான். நிலானி படித்து முடித்தாள்.

"இப்படி ஒருத்தன் இருந்தானா?" சுகுமாறனின் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல."

"அந்தத் தழும்பு?"

"நான்தான் போட்டேன். ஆளும் நான் செஞ்ச ஆள்தான்."

"முழுசாவா?"

"தலையில இருந்து கால் வரைக்கும்."

அவர் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நிலானி பக்கம் திரும்பினார். "பேரைப் பெருசா போடும்மா. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்."

மறுவாரமே கேன்டீனில், "அந்த ஆளை என் சம்சாரம் சும்மா மண்டையிலேயே செஞ்சிருக்கா லா!" என்று அவர் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி.

கிள்ளானில் நடந்த வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் நூலை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் பெறுவதுதான் இங்கு வழக்கம்; அழைப்பிதழிலும் அப்படித்தான் இருந்தது. அறிவிப்பாளராக நிற்க ஒப்புக்கொண்டு, எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நிலானியை, பட்டுப்புடவையில் வந்த லோகேஸ்வரி மேடையோரமாக இழுத்தார்.

"டத்தோகிட்ட பேசிட்டேன். அவரு ரெண்டாவது வாங்கிக்குவாரு. முதல்ல எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடு. 'ஆசிரியரின் கணவர்'னு மட்டும் சொல்லிடாத. 'முதல் வாசகர் திரு. சுகுமாறன்'னு சொல்லு."

"அவர் படிக்கலியே, அக்கா."

"ஒரு வரி விடாம கேட்டாருல்ல? 'முதல் வாசகர்'னே சொல்லும்மா. மெதுவா சொல்லாத, கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."