அருவியை மூடிய அன்று நடந்த ஆடிட்

நான் லேப்பில் வேலை பார்க்கிறேன் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்ததால், சேர்ந்த முதல் மாதத்திலேயே இரண்டு பேர் சின்ன பாட்டிலில் மூத்திரம் கொண்டுவந்து நீட்டினார்கள். சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். குத்துக்கல்வலசையில் லேப் என்றால் அது ஒன்றுதான். நான் பார்ப்பது தகர டப்பா, அதன் உள்பக்கப் பூச்சு ஒழுங்காக வெந்திருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை என்று விளக்கினேன்.

"டப்பாவுக்கு உள்ள என்னத்தட்டி பூசுதாங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அத்தை.

ஒரு மாதிரி பிசின் வார்னிஷ் என்றேன். அன்றிலிருந்து அவள் டப்பாவில் வரும் எதையும் வாங்குவதில்லை.

பூசாவிட்டால்தான் ஆபத்து என்று அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. வெறும் தகரத்தில் ஊறுகாயை அடைத்தால் உப்பும் புளிப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். ஊறுகாய் கறுக்கும், டப்பா உப்பும், வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போலிருக்கும். அதனால் தகடு தட்டையாக இருக்கும்போதே ரெசின் கலந்த வார்னிஷை ரோலரால் மெல்லிசாக உருட்டி, நீளமான அடுப்பு ஒன்றுக்குள் அனுப்புவோம். இருநூறு டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வெந்து வெளியே வரும்போது நல்லெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டுவது, வளைப்பது, டப்பாவாக்குவது எல்லாம்.

கம்பெனி செங்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. என் லேப், முன்பு பைக் நிறுத்திய ஷெட். குற்றாலத்தில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதற்குள் என்னைப் போல் இன்னொருத்தியும் நுழையலாம். சோதனை இரண்டுதான். தின்னரில் நனைத்த துணியால் பூச்சை ஐம்பது தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் பூச்சு வெந்துவிட்டது. அடுத்தது, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரை டப்பாவில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுவது. பூச்சு விட்டுப்போன இடமெல்லாம் செம்பு படிந்து சிவப்புப் புள்ளியாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்களிடம் டப்பா வாங்குகிற கம்பெனிகளில் பெரியது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் ஊறுகாய்க் கம்பெனி. அவர்களுடைய மாங்காய் ஊறுகாய் எங்கள் டப்பாவில் ஏறித்தான் வளைகுடாவுக்குப் போகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஓர் அதிகாரி ஆடிட்டுக்கு வருவார். அந்த ஆடிட் ஒரு வருஷமும் ஜனவரியில் வந்ததில்லை. சாரல் அடித்து, அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கிய வாரத்தில்தான் எங்கள் டப்பாக்களின் தரம் பற்றி அவருக்குக் கவலை வரும். மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு பை நிறையத் துண்டுகள் சகிதம் வேனில் வருவார். ஆடிட் இருபது நிமிடம், குளியல் மூன்று மணி நேரம்.

வருவதற்கு முன் போன் செய்து, "வெள்ளம் உண்டோ?" என்று கேட்பார். அவர்கள் பாஷையில் வெள்ளம் என்றால் தண்ணீர். முதல் வருஷம் அது தெரியாமல், "அய்யோ, வெள்ளமெல்லாம் இல்ல சார், பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னேன். ஆடிட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தார்.

நான் சொல்ல வந்த வருஷம், ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடுப்பின் நடு பர்னர் ஒன்று சரியாக எரியவில்லை. தகடுகள் வெளுத்து, எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தன. தேய்த்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது தேய்ப்பிலேயே துணி மஞ்சளாகிவிட்டது. ஆனால் நான் துணியோடு வெளியே வருவதற்குள் அந்தத் தகடுகளில் பாதி டப்பாவாகியிருந்தன. சிவப்பு அட்டையில் 'நிறுத்தி வை' என்று எழுதி அந்த அடுக்கில் கட்டினேன். முதலாளியிடம் துணியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் துணியைப் பார்க்கவில்லை. தகட்டைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, தங்கமாட்டம் மின்னுது. இதுல என்ன கொறையக் கண்டே?"

"வேகல அண்ணாச்சி. ஊறுகாய் போட்டா பூச்சு உரிஞ்சுடும்."

"வேகலைன்னு சொல்ல இது என்ன இட்லியா? ஆபீசர் வார நேரத்துல நீ சும்மா கெடம்மா. ஓகேன்னு எழுது. பர்னர பொறவு பாத்துக்கிடலாம்."

மிரட்டவில்லை, கத்தவில்லை. கூடவே உளுந்தவடை இரண்டு வரவழைத்துக் கொடுத்தார். என்னுடைய விலை அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. வடையைத் தின்றேன், ரிஜிஸ்டரில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் சிவப்பு அட்டையையும் காணவில்லை. முதலாளியின் மச்சினர்தான் மேனேஜர், அவர் அவிழ்த்துப் போட்டிருந்தார். ஆடிட் நேரத்தில் சிவப்பு கண்ணில் படுவது நல்லதில்லையாம்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மலையில் பேய்மழை. அதிகாரி போன் செய்தார். "வெள்ளம் உண்டோ?"

"உண்டு சார். ஆனா நெஜமான வெள்ளம். அருவியில குளிக்கத் தடை போட்டாலும் போட்டுருவாங்க."

பின்பாதி அவர் காதில் விழவில்லை. "வளர நல்லது" என்று, ரொம்ப நல்லதாகப் போயிற்று என்கிற குரலில் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. வேனில் வந்த அதிகாரி குடும்பம் ஐந்தருவிக்குப் போனது, அங்கேயும் தடை. பழைய அருவியும் அப்படியே. குடும்பத்தை லாட்ஜில் இறக்கிவிட்டு, எங்கேயும் போக்கிடம் இல்லாமல் அதிகாரி பத்து மணிக்கு எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். தலையில் தேய்த்த எண்ணெய் அப்படியே இருந்தது. முகம் கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை முகம்.

முதலாளி சூடாகக் காபி கொடுத்தார், நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார், செங்கோட்டை ரயில் பாலத்தின் சரித்திரத்தைச் சொன்னார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மழை விடவில்லை. வேறு வழியே இல்லாமல் அதிகாரி எழுந்து, "லேப் காணட்டே" என்றார்.

வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் என் லேப்புக்குள் ஆடிட்டர் ஒருவர் கால் வைப்பது அதுதான் முதல்முறை.

ரிஜிஸ்டரைப் புரட்டினார். பிறகு அடுக்கிலிருந்து தானே ஒரு டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். எந்த அடுக்கிலிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டி விரித்து, தின்னர் துணியை என்னிடம் வாங்கித் தானே தேய்க்கத் தொடங்கினார். பத்தாவது தேய்ப்பிலேயே மஞ்சள் வந்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் கோபப்படவில்லை. ஆச்சரியம், முகம் மலர்ந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இருபது கொல்லமாயி ஞான் இது செய்திட்டு" என்றார். இருபது வருஷத்துக்கு முன் அவரும் இதுபோல ஏதோ ஒரு ஷெட்டில் துணி பிடித்துத் தேய்த்தவராம்.

அதன் பிறகு அந்த மனிதரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மயில்துத்தம் கேட்டார். இன்னும் ஆறு டப்பாக்களில் ஊற்றிவைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டிப் பார்த்தால், டப்பாவுக்குள் தட்டம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள். நடுவில் மனைவி போன் செய்தார். தடையை எடுத்துவிட்டார்களாம், எல்லோரும் காத்திருக்கிறார்களாம். "நிங்கள் குளிச்சோ, ஞான் வராம்" என்று அவர்களை மட்டும் குளிக்கச் சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தார்.

பிரச்சினை இல்லை என்பதை அவர்கள் 'குழப்பமில்லா' என்பார்கள். முதலாளி அதை எங்கிருந்தோ பிடித்துவைத்திருந்தார். வாசலில் நின்று, "சார், கொழப்பமில்லா, கொழப்பமில்லா" என்றார்.

"குழப்பம் உண்டல்லோ" என்று அதிகாரி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பிறகு ரிஜிஸ்டரில் விரல் வைத்தார். "இது ஆரு எழுதியது?"

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்தப் புள்ளதான் சார். லேப்பு முழுக்க அது பொறுப்பு. நாங்க உள்ளயே வாரதில்ல."

சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கையெழுத்து என்னுடையதுதான். சிவப்பு அட்டை கட்டியதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவருமே என்று வெட்கமாக இருந்தது.

"நான்தான் சார் எழுதினேன். தேய்ச்சுப் பாத்தேன், மஞ்சளா வந்துச்சு. தெரிஞ்சேதான் ஓகேன்னு எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. முதலாளி பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. பர்னரை மாற்ற வேண்டும், அந்த அடுக்கு டப்பாக்களை அழிக்க வேண்டும், 'சோதனையாளரின் பதிவுகள் நம்பகமானவை அல்ல'. மூன்று பக்க அறிக்கையில் முதலாளி இல்லை, மச்சினர் இல்லை. அதில் குறை சொல்லப்பட்ட ஒரே மனிதப் பிறவி நான்.

முதலாளி ஆறுதல் சொன்னார். "விடும்மா. யாராவது ஒருத்தர் தலையில விழத்தான் செய்யும். ஒனக்கு வயசிருக்கு."

பர்னர் மாற்றப்பட்டது. மாற்றியது தன் யோசனை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். டப்பாக்களை அழித்ததற்கும் ஒரு சான்றிதழ் வேண்டுமாம், அதிலும் என் கையெழுத்துத்தானாம். நம்பகமில்லாதவளின் கையெழுத்து எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பின்பக்கத்து பிரஸ்ஸில் டப்பாக்களை நசுக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பாதியில் மச்சினர் சான்றிதழையும் பேனாவையும் நீட்டினார். "இதுல பாக்க நல்லாருக்க டப்பா கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கு, அத சிப்ஸ் கடைக்காரன் கேட்டிருக்கான். நீ எல்லாம் முடிஞ்சுன்னு போட்டுரு."

"அதையும் நசுக்குங்க. பொறவு போடுதேன்."

"நீ என்ன பெரிய ஆபீசரா?"

"இல்லண்ணாச்சி. ஆனா கையெழுத்து என்னோடதுல்லா."

முணுமுணுத்துக்கொண்டே ஆளை அனுப்பி, ஒதுக்கி வைத்திருந்ததைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று அட்டைப்பெட்டி வந்தது. கடைசி டப்பா நசுங்கும் வரை நின்றேன். சாரல் குடையை மீறியதில் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டி, முதல்முறையாக என் அளவுக்கு வந்திருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேனாவை வாங்கினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தாலும், போட்டுக் கொடுத்தேன்.