தொட்டியில் கேட்ட சத்தம்

ஹோல்கரிடம் அடி வாங்காதவர்கள் என்று அந்த ஊரில் இரண்டு பேரைத்தான் சொல்ல முடியும். ஒருத்தி அவன் மனைவி ரிக்மோர். இன்னொருவர் பாதிரியார். அவரையும் ஒரு தடவை அங்கியைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். அவன் அப்பாவைப் புதைத்த அன்று, குழிமேட்டில் நின்றுகொண்டு, ‘அன்பான தகப்பன்’ என்று சொல்லிவிட்டாராம். அன்பான தகப்பன்! குதிரைக்குப் போடும் தோல்வாரால் பெற்ற பிள்ளையின் முதுகைக் கிழித்த மனுஷனுக்கு அந்தப் பட்டம். ஹோல்கர் உலுக்கியதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

டென்மார்க்கின் ஜட்லாந்தில், கடல் உள்ளே புகுந்து வளைந்து கிடக்கும் ஒரு கரையில் இருக்கிற ஊர் அது. ஆம்பளைப் பிள்ளைகள் படகில் ஏறுவார்கள், இல்லையென்றால் பன்றி வெட்டும் ஆலைக்குப் போவார்கள். ஹோல்கருக்குப் படகு ஒத்துவரவில்லை. ஏறின முதல் வாரமே படகுக்காரனின் பல்லைப் பெயர்த்துவிட்டு இறங்கி வந்தான். ஆலையில் அவனைச் சேர்த்துக்கொண்ட மேஸ்திரி ஆக்செலுக்கு ஆளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆக்செல் வாயில் எப்போதும் கிண்டல்தான்.

“கை அரிக்குதா உனக்கு? நல்லதாப் போச்சு. இந்தா கத்தி. இங்க எவனும் உன்னத் திருப்பி அடிக்க மாட்டான்.”

அப்படித்தான் குரல்வளையில் குத்தும் இடம் அவனுக்கு வந்தது. ஆலையிலேயே யாரும் விரும்பி நிற்காத இடம். பன்றிக்கு மண்டையில் மின்சாரம் வைத்து மயக்கி, பின்னங்காலில் கொக்கி மாட்டிச் சங்கிலியில் ஏற்றிவிடுவார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அது ஹோல்கர் முன்னால் வரும். கழுத்துக்குக் கீழே ஒரே குத்து, உள்ளே ஒரு திருப்பு. ரத்தம் பீறிட்டு முழங்கை வரை அடிக்கும். அடுத்தது வருவதற்குள் கத்தியை அலச வேண்டும். ரத்தம் முழுக்க வடிந்த பிறகு சங்கிலி வளைவில் திரும்பி, பன்றியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கும். முடி கழல்வதற்காக. அந்தத் தண்ணீரில் கை பட்டால் தோல் உரிந்து வந்துவிடும்.

குத்து சரியாக விழவில்லை என்றால் என்ன ஆகும்? மயக்கம் தெளிந்த பன்றி உயிரோடு தொட்டிக்குள் போகும். மற்ற ஆலைகளில் இது அவ்வப்போது நடப்பதுதான். தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஹோல்கர் கையில் ஒன்றுகூட அப்படிப் போனதில்லை. மனிதர்களிடம் காட்டிய மூர்க்கத்தில் ஒரு துளியைக்கூட அவன் அந்த இடத்தில் காட்டவில்லை. வாங்கின அடியெல்லாம் முதுகில் இருக்கிறவனுக்கு, வலியை இழுத்தடிப்பது எவ்வளவு கேவலம் என்று தெரிந்திருந்தது. அதை யார் பார்த்தார்கள்? நடக்காத விஷயத்தை யார்தான் கவனிப்பார்கள்! தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ரிக்மோரிடம்கூடச் சொன்னதில்லை.

தொட்டிப் பக்கம் நின்றவன் சோஃபுஸ். ஹோல்கர் சேருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவன். ஒரு சனிக்கிழமை சாராயக்கடையில், தோல்வாரைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு, ஹோல்கரைப் பார்த்துக் குதிரை மாதிரிக் கனைத்துக் காட்டினான். கடையே சிரித்தது. ஹோல்கர் பீர் பாட்டிலை எடுத்து அவன் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டதாம். சோஃபுஸும் லேசுப்பட்டவன் இல்லை. முறிந்த தோளோடு பாய்ந்து, ஹோல்கரின் காதைக் கடித்து ஒரு துண்டைத் தரையில் துப்பினான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே சங்கிலியில் முன்னும் பின்னுமாக நின்று வேலை பார்த்தார்கள், ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். கொடி.

ஆலையில் இருபத்தைந்து வருஷம் முடிக்கிறவனுக்காக அன்று காலை எட்டு மணிக்கு வாசல் கம்பத்தில் கொடி ஏறும். சங்கிலியை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு வருவார்கள். பெண்டாட்டி நல்ல உடுப்பில் வந்து பக்கத்தில் நிற்பாள். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி, இவன் இன்ன வேலையை இப்படிச் செய்தான் என்று நாலு வார்த்தை சொல்வார். சூடான பன், ஒரு வாய் கசப்புச் சாராயம், மூன்று முறை வாழ்த்துக் கூச்சல். அவ்வளவுதான். ரத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறவனுக்குக்கூட அந்தக் கொடி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஹோல்கர் கடைசி வரிசையில் நின்று, மேனேஜரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். தன் முறை வரும்போது அந்த வாய் என்ன சொல்லும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பான்.

அவன் நாள் வந்தது. ரிக்மோர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், வேலை உடுப்புக்குள்ளே போட்டுக்கொண்டு போனான். அவளை எட்டுக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தான். அவள் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், தொப்பி புதுசு வேறு.

எட்டு ஆனது. சங்கிலி நிற்கவில்லை. ஹோல்கர் குத்திக்கொண்டே இருந்தான். கடிகாரம் நேரம் தப்பியிருக்கும் என்று முதலில் நினைத்தான். பிறகு, எதிர்பாராமல் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். பாவம், நம்பிக்கை யாரைத்தான் விட்டது! காலைச் சாப்பாட்டு இடைவேளையில் ஆக்செல் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினார். திறந்தால் உள்ளே ஒரு பேனா, ஆலையின் பெயர் பொறித்தது.

புது மேனேஜர் தலைநகரத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சங்கிலியை நிறுத்தினால் நஷ்டம், கொடியெல்லாம் பழைய பழக்கம், இனிமேல் எல்லோருக்கும் பேனா என்று முடிவு பண்ணிவிட்டாராம். ஆக்செல் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். கிண்டல்கார மனுஷனுக்கு அன்று ஒரு கிண்டலும் வரவில்லை.

“வாசல்ல என் பொண்டாட்டி நிக்கிறா” என்றான் ஹோல்கர்.

“போயிட்டா. இன்னிக்கு ஒண்ணும் கெடையாதும்மான்னு வாசல்காரன் சொல்லி அனுப்பிட்டான். கொஞ்ச நேரம் கம்பத்தையே பாத்துட்டு நின்னாளாம்.”

ஆக்செல் இரண்டு அடி பின்னால் போய் நின்றார். பல்லாவது தாடையாவது போகும் என்று எதிர்பார்த்தார். சுற்றி நின்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஹோல்கர் கையை ஓங்கவே இல்லை. பேனாவை ரத்தச் சாக்கடையில் போட்டான். இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அடித்திருக்கலாம் அந்தப் பாவி! அடித்திருந்தால் ஒரு தாடையோடு போயிருக்கும்.

சங்கிலி ஓட ஆரம்பித்தது. பன்றிகள் வந்தன, குத்தினான். வந்தன, குத்தினான். பிறகு ஒன்று வந்தது, கத்தியை உயர்த்தினான், குத்தவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டு அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை தவறவில்லை. இங்கே ஒருத்தன் இத்தனை வருஷமாக நிற்கிறான் என்று இப்போதாவது தெரியட்டும், இந்தக் கட்டடத்தில் ஒரு காதிலாவது விழட்டும் என்றுதான் விட்டான். அடுத்ததை வழக்கம்போலக் குத்தினான்.

வளைவு வருவதற்குள் பன்றிக்கு மயக்கம் தெளிந்தது. முன்னங்கால்கள் காற்றில் உதைத்தன. உடம்பை வளைத்து வளைத்துச் சங்கிலியை ஆட்டியது. சங்கிலியை நிறுத்தச் சொல்லிக் கத்த அவனுக்கு நேரம் இருந்தது. கத்தவில்லை. பன்றி வளைவில் திரும்பி மறைந்தது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. பன்றி கத்துவதைத் தினமும் கேட்கிறவர்கள்தான் அங்கே எல்லோரும். இது அது இல்லை. பன்றியைப் பிளக்கத் தோளுக்கு மேலே தூக்கின கோடரியோடு நின்றவன் கோடரியைக் கீழே போட்டான். குடல் அறையில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் தொட்டிக்கு வெளியே அடித்துத் தெறித்தது. வெந்த முகம் மேலே வரும், கத்தும், மூழ்கும், மறுபடியும் வந்து கத்தும்.

ஹோல்கருக்கு அது இரண்டாவது தடவை கத்தியபோதே கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ரத்தத்தில் வழுக்கி விழுந்து எழுந்தான். தொட்டி விளிம்பில் மார்பை வைத்து, தோள் வரைக்கும் இடது கையைச் சுடுதண்ணீருக்குள் விட்டு, பன்றியின் தாடையைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டான். அது அவன் நெஞ்சை உதைத்தது. வலது கையால் குத்தினான். அவசரத்தில் எலும்பில் பட்டது. மறுபடியும் குத்தினான். “போயிடு, போயிடு” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை குத்தியபோதுதான் இடம் கிடைத்தது. தொட்டி முழுக்கச் சிவந்தது. ஆக்செல் ஓடிவந்து கயிற்றை இழுக்க, சங்கிலி நின்றது. கொடிக்கு நிற்காத சங்கிலி இதற்கு நின்றது.

அவனை இழுத்துத் தரையில் உட்கார வைத்தார்கள். இடது கையுறையை உருவியபோது தோலும் கூடவே வந்தது. வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். வெட்டுக்கூடத்துக்குள் அவர் காலை வைத்தது அன்றுதான் முதல் தடவை. ரத்தத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார். கீழே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று கேட்டார். ஆக்செல் பெயரைச் சொன்னார். மேனேஜர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்த ஆள் கையில இது அடிக்கடி நடக்குதா?”

ஆக்செல் வாயைத் திறப்பதற்குள் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சோஃபுஸ்தான். கோணலாகச் சேர்ந்த தோளோடு, முகமெல்லாம் சுடுதண்ணீர் தெறித்துச் சிவந்து நின்றான்.

“இவன் வந்த நாள்லேருந்து நான் இந்தத் தொட்டிகிட்ட நிக்கிறேன். உசுரோட ஒண்ணு விழுந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். இருபத்தஞ்சு வருஷத்துல ஒண்ணுகூட வந்ததில்ல. எந்த ஆலையில வேணா போய்க் கேளுங்க, இவன மாதிரி ஒரு கை கெடையாது. எனக்கு இவனக் கண்டா ஆகாது. ஆனா இது உண்மை.”

கை உரிந்தபோது வராத அழுகை ஹோல்கருக்கு அப்போது வந்தது. தோல்வாருக்கு அழாதவன், காது போனபோது அழாதவன், எல்லோர் முன்னாலும் உடம்பு குலுங்க அழுதான். பிறகு தலையை நிமிர்த்தி, வருஷக்கணக்காகப் பேசாத மனுஷனைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

“இத நேத்து சொல்லியிருக்கக் கூடாதாடா?”