தோளில் போட்ட ஊசி

கலைப்பிரியா ஈட்டி எறிதலில் தேசிய சாம்பியனாக இருந்த காலம் ஒரு ஐப்பசியில் தொடங்கி கார்த்திகைக்குள் முடிந்துவிட்டது.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவளுடையது. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா ஜெயம், கரையில் ஏலத்தில் எடுக்கும் மீனைப் பஸ்ஸில் திண்டிவனம் கொண்டுபோய் விற்பாள். மகளும் அதே பஸ்ஸில் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பி.டி. டீச்சர் ஆரோக்கியசெல்விக்கு ஈட்டி எறிதலைப் பற்றி அதிகம் தெரியாது. போனில் வீடியோ போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்தேதான் கற்றுக்கொண்டார்கள். முதல் ஈட்டி, முனையில் இரும்பு செருகிய மூங்கில்.

மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போனாள். இருபத்தாறு வயதில் தேசியப் போட்டிக்கு இடம் கிடைத்தபோது வலது தோள் உள்ளுக்குள் பிய்வதுபோல வலித்தது. சாப்பிடும்போது கை வாய் வரைக்கும் எழவில்லை. இந்த முறை பதக்கம் வாங்கினால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள்.

"நேஷனல்ஸ் போறேன் சார். அது வரைக்கும் தாங்கினா போதும்."

டாக்டர் சிரித்தார். "ஒரு ஊசிதாம்மா. ஜெயிச்சுட்டு வா."

ஜெயித்துவிட்டாள். கடைசி வாய்ப்பில் ஐம்பத்து நாலு மீட்டருக்கு மேல் போய்க் குத்தியது ஈட்டி. ஊர் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். இனிப்போடு கிளினிக்குக்குப் போனவளைப் பக்கத்தில் நிறுத்தி டாக்டர் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

பிறகு ஊக்கமருந்து சோதனையின் முடிவு வந்தது. தோளில் போட்ட ஊசிமருந்து, போட்டி நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாதது. பதக்கத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு வருடம் தடை வரும் என்றார்கள்.

அவள் கிளினிக்குக்கு ஓடினாள். விசாரணையில் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஆரோக்கியசெல்வி சொல்லியிருந்தாள். வரவேற்பறைச் சுவரில் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"நீ ப்ளேயர்னு எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா," என்றார் டாக்டர்.

"சொன்னனே சார். ஜெயிச்சுட்டு வான்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"தினமும் எத்தனை பேஷண்ட் வர்றாங்க. யார்கிட்ட இன்னா சொன்னேன்னு ஞாபகம் வெச்சிக்க முடியுமா?" மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

குப்பத்தில் பேனரைக் கழற்றி யாரோ வலைக்குக் கீழே விரித்துக்கொண்டார்கள். குழாயடியில் அவள் காதுபடவே "ஊசி போட்டுக்கினு ஜெயிச்சவ" என்றார்கள். அவள் சாப்பாட்டை விட்டாள், பேச்சை விட்டாள். ஒரு மத்தியானம் எழுந்து நேராகக் கடலுக்குள் நடந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோதும் நிற்கவில்லை. அலை பின்னால் தள்ளத் தள்ள முன்னால் போனாள்.

கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஜெயம் பார்த்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. புடவையோடு இறங்கி அலையில் உருண்டு, எழுந்து, மகளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"உங்கப்பன முழுங்குன தண்ணிடி இது! நீயும் போய்ட்டா நான் யாருக்குடி மீன் கூடைய தூக்கிக்கினு திரியறது?"

"வுடும்மா."

"வுட மாட்டேன். போறதுன்னா என்னியும் சேத்து இஸ்துக்கினு போ."

இருவரையும் கட்டுமரக்காரர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

மறுநாள் ஜெயம் மீன் கூடையோடு கிளினிக்குப் படியில் போய் உட்கார்ந்தாள். நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். வாட்ச்மேன் அதட்டினான். அவள் நகரவில்லை. கடைசியில் டாக்டரே வெளியே வந்தார்.

"நான் போய்ச் சொன்னா என் பேரு கெட்டுப்போகும். உனக்குப் புரியுதா?"

"எம் பொண்ணு பேரு கெட்டுச்சே சார், அது?"

அவர் காரில் ஏறினார். வாட்ச்மேன் கூடையைத் தூக்கித் தெருவில் வைத்தான். ஜெயம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பின்னாலேயே கிளினிக்கு நர்ஸ் கிருஷ்ணவேணி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, அந்த மருந்த எடுத்துக் குடுத்தவ நான்தான். போட்டிக்குப் போறேன்னு ஒங்க பொண்ணு சொன்னத என் காதால கேட்டேன். யார்கிட்ட சொல்லணும்னு சொல்லுங்க, நான் வர்றேன்."

விசாரணை வீடியோவில் நடந்தது. ஆரோக்கியசெல்வியின் வீட்டில் அவளும் கலைப்பிரியாவும் கிருஷ்ணவேணியும் ஒரே போன் முன்னால் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணவேணி பயந்து பயந்து சொன்னதை டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னாள். கலைப்பிரியா வேண்டுமென்றே செய்யவில்லை என்று விசாரித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உடம்புக்குள் எது போனாலும் அதற்கு வீராங்கனைதான் பொறுப்பு என்றார்கள். தடை ஒரு வருடமாகக் குறைந்தது. பதக்கம் போனது போனதுதான். ரயில்வே வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அந்த வாரமே கிருஷ்ணவேணியைக் கிளினிக்கிலிருந்து நிறுத்தினார்கள். அவள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் சேர்ந்தாள்.

கலைப்பிரியா மில்லுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னாலதான அக்கா."

கிருஷ்ணவேணி தலையில் படிந்திருந்த தூசியைத் தட்டினாள். "பேஜாராத்தான் இருக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணு வேளையும் இருமலு. அதுக்காக மாத்திச் சொல்லியிருக்க முடியுமா? போ, போய்க் கைய சரி பண்ணிக்கோ."

அதை மட்டும் கலைப்பிரியா செய்யவில்லை. மருந்து என்றாலே நடுங்கினாள். ஜுரத்துக்கு மாத்திரைகூடப் போட மறுத்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆரோக்கியசெல்வி கெஞ்சினாள். "அதுக்கும் ஏதாவது ஊசி போடுவாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். தடை இருந்ததால் மைதானத்துக்குள் போக முடியாது. கடற்கரை மணலில் தனியாக எறிந்தாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். தோளுக்குள் கிழிசல் பெரிதாகிக்கொண்டே போனது.

தடை முடிந்ததும் விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். கூட எறிந்தவர்கள் காலேஜ் பிள்ளைகள். முதல் எறிதல் நாற்பது மீட்டரைத் தொட்டது. ஆரோக்கியசெல்வி கைதட்டினாள். இரண்டாவதில் கை பின்னால் போய் முன்னால் வரும்போது தோளில் சத்தம் கேட்டது. அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெயத்துக்கே கேட்டதாம். ஈட்டி பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.

முகம் வெளுத்து உட்கார்ந்தவளிடம் நடுவர் குனிந்து கேட்டார்: "போதுமாம்மா? பேர அடிச்சிடட்டுமா?"

"அடிக்காதீங்க சார். இன்னும் சான்ஸ் இருக்குது."

அடுத்த முறை பெயர் கூப்பிட்டபோது எழுந்தாள். இடது கையால் ஈட்டியை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தாள். ஓடினாள். கை தோளுக்கு மேல் வரவே இல்லை. ஈட்டி அவள் காலடியிலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, மற்ற ஈட்டிகளோடு வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது நெடுஞ்சாலையில் ஒரு சுங்கச்சாவடியில் பகல் ஷிப்டு. இடது கையால் வேலை பார்க்கிறாள். வலது கை மார்புக்கு மேல் எழும்பாது. தலை வாரக்கூட முடியாது. ஜெயம் ஏலத்துக்குப் போகும் முன் மகளை உட்காரவைத்துப் பின்னிவிடுகிறாள்.

"இன்னிக்காவது ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று தினமும் கேட்கிறாள்.

"இறுக்கிப் பின்னும்மா, பஸ்ஸு வந்துடும்," என்கிறாள் கலைப்பிரியா.