ஒரே குத்து

ஸ்கேன் ஜெல் புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்கவைத்துவிட்டு, ஊசியக்கா தன் வலது மணிக்கட்டை நீவிக்கொண்டாள். ஜெல் சில்லென்று பட்டால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். அதனால் இந்த வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை.

ஊசியக்கா என்பது குழந்தைகள் வார்டில் வைத்த பெயர். பாதி ஆயுள் விரலால் தடவியே நரம்பு தேடியவள். ஸ்கேன் கருவி வந்த பிறகு, திரையைப் பார்த்துக் குத்தப் புதிதாகப் பழகினாள். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் இவ யார் முகத்தையும் பாக்க மாட்டா, கையத்தான் பாப்பா" என்பார் கணவர். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பாள்.

அன்று கூட வேலை செய்பவர்கள் இரண்டு பேர் வரவில்லை. மதியச் சாப்பாடு பைக்குள்ளேயே கிடந்தது.

வாராவாரம் மருந்து ஏற்றிக்கொள்ளும் ஆறு வயதுக்காரி, பக்கத்து அறைக்குப் போகுமுன் ஊசி பொருத்திக்கொள்ள அம்மாவோடு வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். குத்திக் குத்தி அவள் கையில் நரம்பெல்லாம் ஒளிந்துவிட்டன. ஊசியக்காவைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

"எத்தனை குத்து?"

"ஒண்ணே ஒண்ணுதான்டி தங்கம்."

"சத்தியமா?"

"நான் என்னிக்கு உன்னை ஏமாத்தினேன்?"

யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிய வேண்டிய நரம்பைக் காணோம். ஊசியக்கா கருவியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேடினாள். ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. குத்தினாள். ரத்தம் வரவில்லை. குழந்தை வீரிட்டது.

அப்போதுதான் தன் கையைக் கவனித்தாள். களைத்த மணிக்கட்டின் பாரமெல்லாம் கருவிமேல். கருவி அந்தக் குச்சிக் கையின்மேல். உள்ளே நரம்பு சப்பையாக நசுங்கிக் கிடந்தது. புதிதாக வரும் நர்சுகளை இதற்காகத்தான் "என்ன, இஸ்திரி போடுறியா?" என்று அவள் விரட்டுவாள்.

"கையில கிடைக்கலைன்னா கழுத்துல போடணும்னு டாக்டர் சொன்னாரே சிஸ்டர்" என்றாள் அம்மா.

"கிடைக்கும்மா. தப்பு என் மேலதான். இன்னும் ஒரு தடவை."

அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியக்கா புது ஊசி எடுத்தாள். கருவியைப் பட்டும் படாமலும் வைத்ததும் கறுப்பு வட்டம் திரும்பி வந்தது. ஊசி நுனி அதற்குள் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. ஊசிக்குள் ரத்தம் ஏறியது.

"அப்பாடா" என்றாள் அம்மா.

பிளாஸ்திரி ஒட்டும்போது குழந்தை அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரமும் என்கிட்டதானே வருவ?"

குழந்தை பிளாஸ்திரி ஒட்டிய கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சறுக்கி இறங்கி, அம்மாவுக்கும் காத்திராமல் வெளியே போனது.