ஜிம்மியை மழித்த மெசின்

எங்கள் பொமேரியன் நாய் ஜிம்மிக்கு இரண்டு அடுக்கு முடி. மழிக்கக் கூடாது, சீவினால் போதும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே தேடிப் படித்தது.

நான் கல்முனைக்குப் போயிருந்த வேளை, மனைவியின் தம்பி முடிவெட்டும் மெசினால் அதை ஒட்ட வழித்துவிட்டான்.

"வெக்கை அத்தான், பாவம்" என்றான்.

நாலு மாதமாகியும் முதுகில் முடி இல்லை.

ஊரடங்குக் காலத்திலிருந்து அவனுக்கு முடிவெட்டுவது நான்தான். நாளைக்குக் கலியாணவீடு என்று இன்று வந்து உட்கார்ந்தான். அதே மெசினை நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரே இழுவையாக இழுத்தேன்.

"ஐயோ அத்தான்! என்ன செஞ்சி போட்டீங்க?"

"ஜிம்மியும் இதத்தான் கேட்டிரிக்கும், உனக்கு விளங்கல்ல."

மிச்சத்தையும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். மெசினில் சார்ஜ் இல்லை என்றுவிட்டேன்.

அநியாயம் என்பவர்கள் முதலில் ஜிம்மியின் முதுகை வந்து பார்த்துவிட்டுக் கீழே கருத்து எழுதுங்கள்.