பரீதா ராத்தா விற்க மறுத்த மீன்கள்

பரீதா ராத்தா மௌத்தான செய்தி எனக்கு பஸ்ஸில் வைத்துக் கிடைத்தது. நிந்தவூரில் பாடசாலை முடிந்து சாய்ந்தமருதுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய கணவர் மஜீத் காக்கா அழைத்திருந்தார். "புள்ள, அவ போயிட்டா," என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. என் கைப்பையில் அவர்கள் வீட்டுச் சாவி கிடந்தது. அன்று காலையும் ராத்தாவின் மீன்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் படிப்பிக்கப் போயிருந்தேன்.

இதை வாசிக்கிற, ராத்தாவை அறிந்தவர்களே, உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வீட்டு முன்னறையில் பதினைந்து வருடம் அழகு மீன் விற்றவர். விற்றதை விட விற்க மறுத்ததுதான் கூட என்றால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். அந்த மறுப்பை வாங்கிக்கொண்டு முகம் சிவந்து படியிறங்காதவர்கள் ஊரில் குறைவு. நானும் அப்படித்தான் அவரிடம் மாட்டினேன்.

அப்போது புதிதாக ஒரு மீன் டேங்க் வாங்கியிருந்தேன். ஏஞ்சல் ஒரு சோடி, ஃபைட்டர் இரண்டு, டைகர் பாப் ஆறு, கப்பி கொஞ்சம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். நிறத்தை மட்டும் பார்த்து எழுதிய பட்டியல் அது. ராத்தா வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"வீட்டில என்ன தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"ஒரு போத்தலில கொண்டு வாங்க. மறுகா மீனைப் பத்திக் கதைப்பம்."

மீன் வாங்கப் போனவளைத் தண்ணீர் அள்ள அனுப்பிய கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு இரிக்கி. இதில கப்பியும் மோலியும் சீவிக்கும். மத்ததெல்லாம் உங்கட ஆசை," என்றார். பிறகு விரல் மடக்கினார். ஏஞ்சல் வளர்ந்தால் கப்பியை விழுங்கும். டைகர் பாப் ஏஞ்சலின் செட்டையைக் கடித்துக் கந்தலாக்கும். இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். கடைக்காரி வாங்க வந்தவளுக்குப் புத்தி சொல்வதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே கல்முனைக்குப் போய், பட்டியலில் இருந்த அத்தனையையும் ஒரே பையில் கட்டி வாங்கி வந்தேன்.

இரண்டு கிழமைக்குள் டேங்கில் டைகர் பாப் மட்டும் மிஞ்சியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடியும் ராத்தாவின் வாசலில் போய் நின்றேன். நான் சொன்னேன்தானே என்று அவர் குத்திக்காட்டவில்லை. "கலியாணம் பேச முன்ன எத்தினை பேரிட்ட விசாரிக்கிறம்? இதுகள மட்டும் விசாரிக்காமச் சேத்து வைக்கிற," என்றார். அன்றுதான் முதன்முதலாக என்னைப் புள்ள என்று கூப்பிட்டார். அதன்பின் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதவு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

விற்பனைக்கு இல்லாத பெரிய டேங்க் ஒன்று அவருடைய நடு அறையில் இருந்தது. மேற்பரப்பில் கப்பிகள், நடுவில் கறுப்பு மோலிகள், அடியில் மணலைக் கிளறித் திரியும் மீசை மீன்கள். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தை ஒன்று சேர்க்க ராத்தாவுக்கு இரண்டு வருடம் பிடித்தது. புதிதாக ஒன்றை விட்டால் அரை நாள் கதிரையைப் போட்டு முன்னால் இருப்பார். எது எதைத் துரத்துகிறது, எது மூலையில் ஒதுங்குகிறது என்று பார்ப்பார். சரிவராவிட்டால் எவ்வளவு அழகான மீனானாலும் மாலைக்குள் வெளியே எடுத்துவிடுவார். "மேல திரியிறது, நடுவில திரியிறது, அடியில கிடக்கிறது. மூணுக்கும் பாதை வேற. பாதை முட்டாட்டிப் பகை இல்ல," என்பார்.

ஒற்றுமை பற்றிக் கூட்டம் நடத்துகிற ஒருவர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். மேடையில் வைக்க எல்லா நிற மீனும் கலந்த டேங்க் ஒன்று வேண்டும், எல்லாச் சமூகமும் சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டும் என்றார். ராத்தா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தார், மீன் கொடுக்கவில்லை. "மீன மீனாப் பாருங்க தம்பி. நமக்குப் பாடம் சொல்ல அதுகள் பொறக்கல்ல," என்றார். நான் உள்ளே போய் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

வயிற்றில் வந்த நோய்க்காகக் கடைசித் தடவை கொழும்புக்குப் போகும்போது, விற்பனை மீன்களை எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பெரிய டேங்க்கை மட்டும் என் பொறுப்பில் விட்டார். "ஒரு நாளைக்கு ஒருதரம், ரெண்டு விரலால எடுக்கிறது மட்டும் போடு. வேற ஆரையும் போட உடாத. பாசத்தில போடுவாங்க, அதுதான் எனக்குப் பயம். மேலுக்கு வந்து வாயத் திறந்தா பசி எண்டு நினைக்காத, தண்ணி பழுதாகி மூச்சு முட்டுது." தன் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்று கிழமை நான் அப்படியே செய்தேன். ஒரு மீனும் சாகவில்லை.

செய்தி வந்த மறுநாள் காலை கொழும்பிலிருந்து ராத்தாவின் மையத்து வந்தது. ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். வீடு நிறையப் பெண்கள். மருதமுனையிலிருந்து வந்த ராத்தாவின் மூத்த சகோதரி, டேங்க்குக்குப் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். கையில் தேநீருக்குக் கொடுத்த பாண் துண்டு. அதைப் பிய்த்து மேலாலே போட்டார். "என்ட தங்கச்சி வளத்ததுகள். வாயில்லாச் சீவன். இனி இதுகளுக்கு ஆரு இரிக்கிற?"

தேநீர்த் தட்டுடன் நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். வேணா என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். மௌத்து வீட்டில் மீனுக்காகச் சண்டை பிடிக்கிறாள் என்று சொல்வார்கள் என்று பயந்தேன். அது மரியாதை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்கிறேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். பிஸ்கட், சோறு, மிச்சப் பாண். ராத்தாவுக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று மனமுருகிப் போட்டார்கள்.

அடுத்த நாள் தண்ணீர் பால் நிறத்தில் கலங்கியிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவம், பசிக்கிது போல," என்று ஒருவர் சொன்னார். இன்னும் போட்டார்கள். நான் ஒரு வாளி தண்ணீரை மாற்றினேன். ஒரு வாளியால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் ராத்தாவுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிக்கொண்டிருந்தபோது டேங்க்கில் அசையும் மீன் ஒன்றுகூட இல்லை.

"அவட பிரிவு தாங்காம அதுகளும் போயிட்டுது," என்று சகோதரி சொன்னார். பெண்கள் சுபஹானல்லாஹ் சொன்னார்கள். மாலைக்குள் அது ஊர்க் கதையாகிவிட்டது. மஜீத் காக்கா மீன்களைச் சல்லடையால் அள்ளிக் கொய்யா மரத்தடியில் புதைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, மௌத்துக்குப் பிறகு முதன்முதலாக அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. "நீயும் பாத்தாய்தானே புள்ள. அவவில என்ன அன்பு அதுகளுக்கு."

"ஓம் காக்கா," என்றேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இதைச் சொல்கிறார். சொல்லும்போது சாப்பிடுகிறார், இரண்டு வார்த்தை கூடக் கதைக்கிறார். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மீனை மீனாகப் பார்த்த ஒரு மனுசியின் பெயரில் இந்தக் கதை ஊரில் உலாவுவதையும் என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அவர் இதைப் பத்திரிகையில் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

காக்கா, அதுகள் துக்கத்தில் சாகவில்லை. நாங்கள் போட்ட பாணில் செத்தன. ராத்தா எதைச் செய்ய விடாதே என்றாரோ அதை ஊரே செய்தது, நான் தட்டை ஏந்திக்கொண்டு பார்த்து நின்றேன். இதை எழுதியதால் எனக்கு ஆறுதலும் இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. ஒருவரின் முகத்துக்கு நேரே வேணா என்று சொல்கிற அந்த ஒன்றுதான் ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அது எனக்கு வந்து சேர்ந்தபோது டேங்க்கில் ஒரு மீனும் இருக்கவில்லை.